ஆற்றோரத்துக் காலி நிலத்தில் மனை போடலாமா?

கேள்வி இதுதான்: "தாம்பரம் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் பக்கம் இன்னும் ஏக்கர் ஏக்கராக நிலம் சும்மா கிடக்கிறது. வெளிவட்டச் சாலை வந்துவிட்டது, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்துவிட்டது. வருஷத்தில் நாலு நாள் தண்ணீர் நிற்கிறது என்பதற்காக இவ்வளவு நிலத்தை விட்டுவைப்பது சரியா? நாலடி மண் கொட்டி மேடாக்கிக் கட்டினால் வீட்டு விலையாவது குறையாதா? நானும் அங்கே ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறேன்."

நியாயமான கேள்வி. சென்னையில் வீடு வாங்க முடியாமல் திண்டாடும் குடும்பங்களை நான் தினமும் பார்க்கிறேன். 20 வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கம் லெவல் எடுத்து, லேஅவுட்டுகளுக்கு வடிகால் வரைந்து பிழைக்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த "நாலு நாள்" கணக்கைப் பார்ப்போம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் 47. ஒரு ஏக்கரில் 49 செ.மீ. மழை என்றால் கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரி இருக்கிறதே, அதில் 160 லோடுக்கு மேல். ஒரே நாளில், ஒரே ஏக்கரில். இதில் மேற்கே இருந்து ஓடி வந்த தண்ணீர் சேர்த்தி இல்லை. அந்த நாலு நாளில் இந்தத் தண்ணீரைத் தன் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு, அப்புறம் மெதுவாக அடையாற்றில் விடுவதுதான் நீங்கள் சொல்லும் காலி நிலத்தின் வேலை. மீதி 361 நாளும் அது சும்மா கிடப்பது போலத் தெரியும். அதனால்தான் அதற்கு "காலி" என்று பெயர் வந்தது.

2015 வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்வார்கள். ஏரியில் நொடிக்கு 29,000 கன அடி திறந்தது, அதைப் பற்றி மத்திய தணிக்கைத் துறை எழுதியது, எல்லாம் உண்மை. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேருகிற இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தில் ஒரு சொட்டுகூடத் திறக்காமல் இருந்திருந்தாலும் முடிச்சூருக்குள் தண்ணீர் வந்திருக்கும். வந்தது எங்கிருந்து? ஆதனூர், மண்ணிவாக்கம், படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் என்று மேற்கிலும் தெற்கிலும் இருக்கிற ஏரிகளிலிருந்து. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல், அதாவது உபரி நீர் வழிகிற வாய், வழியாக வழிந்து கீழ் ஏரிக்கு வரும், அது நிரம்பினால் அடுத்தது. கடைசி ஏரியின் உபரி ஆற்றுக்கு. அடையாறு ஒரு மலையில் பிறந்து வருகிற ஆறு இல்லை. இந்த ஏரிகளின் வழிசல் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆறு. கடைசி ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற தட்டையான நஞ்சைதான் நாம் பேசிக்கொண்டிருக்கிற நிலம்.

பாசனம் நின்றதும் இந்த ஏரிகளின் குணம் மாறிப்போனது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சம்பா நடவு இருந்த காலத்தில் மதகைத் திறந்து தண்ணீர் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஏரியில் கொஞ்சம் இடம் இருந்துகொண்டே இருக்கும். ஏரி பாசனம் செய்த வயலான ஆயக்கட்டு முழுக்க மனையான பிறகு மதகைத் திறக்க ஆளும் இல்லை, திறந்தால் தண்ணீர் போக வயலும் இல்லை. ஐப்பசியிலேயே ஏரி தளும்பிவிடுகிறது. கார்த்திகையில் பெய்வது அத்தனையும் நேராகக் கலங்கலில் வழிகிறது. வழிகிற தண்ணீர் கூடுகிற அதே காலத்தில், அது நிற்கிற நிலத்தை நாம் மேடாக்கிக்கொண்டு வருகிறோம்.

இப்போது மண் கொட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. நாலடி உயர்த்த 9,600 கன அடி மண், அதாவது லாரிக்காரர் கணக்கில் 96 யூனிட் (யூனிட் 100 கன அடி). அழுத்திய பிறகு இறங்கும் என்பதால் இன்னும் கூடவே ஆகும். அந்த 9,600 கன அடியும் முன்பு தண்ணீர் நின்ற இடம், சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். நீங்கள் ஒருவர் கொட்டினால் யாருக்கும் தெரியாது. 100 ஏக்கர் லேஅவுட் முழுக்கக் கொட்டினால் 1 கோடியே 74 லட்சம் கன அடி தண்ணீருக்கு இடம் போயிற்று. அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடாது. மண் கொட்டாத பக்கத்து நகருக்குப் போகும், அங்கே முழங்கால் அளவு நின்றது இடுப்பளவு நிற்கும். அவர்களும் அடுத்த வருஷம் மண் கொட்டுவார்கள். தெருவில் சாலையை உயர்த்துவார்கள், வீடு பள்ளமாகும். இந்தப் பக்கத்தில் தெருவிலிருந்து மூன்று படி கீழே இறங்கித்தான் வாசலுக்கே போகவேண்டிய வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. வீட்டின் அடியில் நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக மொத்த வீட்டையும் தூக்குகிற வேலை சென்னையில் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 100 ஏக்கர் பிடித்துவைக்கும் தண்ணீரை செம்பரம்பாக்கத்தில் திறந்த நொடிக்கு 29,000 கன அடி வேகத்தில் கணக்கிட்டால் வெறும் 10 நிமிஷ ஓட்டம். ஒரு லேஅவுட்டைத் தடுத்தால் சென்னை தப்பித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அனுமதி ஒவ்வொரு லேஅவுட்டாகத்தான் வருகிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னதுதான். கூட்டிப் பார்க்கிற வேலை யாருடைய மேசையிலும் இல்லை. எனக்கு இதில் ஆத்திரம் வருகிற இடமே இதுதான்.

தண்ணீர் நிற்பதைவிட ஆபத்து, ஓடுகிற வழியை அடைப்பது. என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லேஅவுட்டுக்கு வடிகால் வரையக் கூப்பிட்டார்கள். நடுவில் ஓர் ஓடை. கரைக்குக் கரை 30 அடி, ஆழம் 5 அடி இருக்கும். கோடையில் எருமை படுத்திருக்கும், அவ்வளவுதான் அதன் பெருமை. மனை வீணாகிறது என்று அதை மூடி, குறுக்கே போகிற சாலைக்கு அடியில் இரண்டு ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போடச் சொன்னார் லேஅவுட் போட்டவர். 3 அடி விட்டம். கணக்குப் பாருங்கள்: ஓடையின் வாய் 150 சதுர அடி, இரண்டு பைப்பும் சேர்ந்து 14 சதுர அடி. பத்தில் ஒரு பங்கு. போதாது என்று வாயால் சொன்னேன். "இத்தனை வருஷமா இதுல தண்ணி ஓடி யாரு பார்த்தா?" என்றார். வரைந்து கொடுத்துவிட்டேன்.

2015 டிசம்பரில் தண்ணீர் வடிந்த நாலாம் நாள் அங்கே போனேன். சுவரில் சுவிட்சு போர்டுக்கு நேராக ஒரு பழுப்புக் கோடு, எல்லா வீட்டிலும் ஒரே மட்டத்தில், லெவல் கருவி வைத்து இழுத்தது போல. ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா துணி காயப்போடுகிற கொடியில் கிரயப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து கிளிப் மாட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். முத்திரைத்தாளின் பச்சைச் சாயம் அடுத்த பக்கத்தில் இறங்கியிருந்தது. "அப்ரூவல் இருக்குன்னுதானே தம்பி வாங்கினோம்" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்த இரண்டு பைப்பின் வாயிலும் பாயும், பிளாஸ்டிக் குடமும், வேரோடு வந்த வாழையும் அடைத்துக்கொண்டு நின்றன. அதற்கு அப்புறம் ஓடையை மூடுகிற எந்த வரைபடத்தையும் நான் தொட்டதில்லை.

அவர் சொன்ன அப்ரூவலைப் பற்றி ஒரு வார்த்தை. மனை வாங்கும்போது 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், மூலப் பத்திரம் கேட்கிறோம், வங்கியின் வக்கீல் கையெழுத்துப் போடுகிறார். இது அத்தனையும் நிலம் யாருடையது என்பதற்கு. தண்ணீர் அந்த நிலத்தில் என்ன உரிமை வைத்திருக்கிறது என்பது வில்லங்கச் சான்றில் வராது. நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று அதற்காகத்தான். ஆனால் பெரும்பாலும் இத்தனை அடி உயர்த்திக்கொள், இத்தனை அடி விட்டுக் கட்டு என்கிற நிபந்தனையோடு அது கிடைத்துவிடுகிறது. "உயர்த்திக்கொள்" என்கிற அந்த ஒரு நிபந்தனை வாங்குகிறவரைக் காப்பாற்றி, பக்கத்தில் இருக்கிறவரை மூழ்கடிக்கிறது. அப்புறம் அங்கீகாரமே இல்லாத மனைகள். 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அவற்றின் பதிவுக்குத் தடை போட்டது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20க்கு முன் போட்டவற்றுக்கு. பணம் கட்டினால் காகிதம் சரியாகிவிடும். தரைமட்டம் அப்படியே இருக்கும்.

சரி, கரையை உயர்த்தி ஆற்றை அகலப்படுத்திவிட்டால்? 2015க்கு அப்புறம் அதையும் செய்தார்கள். அடையாற்றைத் தூர்வாரினார்கள், ஆக்கிரமிப்புகளை எடுத்தார்கள், மூடு கால்வாய்கள் கட்டினார்கள். பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன், தண்ணீர் முன்பைவிட வேகமாக வடிகிறது. ஆனாலும் 2021 நவம்பரில் வரதராஜபுரத்து மக்கள் மறுபடியும் வீட்டை விட்டு வெளியேறத்தான் வேண்டியிருந்தது. கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. கரை கட்டியதும் "இனி பயமில்லை" என்று அதன் பின்னால் வீடுகள் வரிசையாக வரும். கரை ஒருநாள் தாங்காதபோது, முன்பு நூறு குடும்பம் இருந்த இடத்தில் பத்தாயிரம் குடும்பம் இருக்கும். அமெரிக்காவில் சாக்ரமெண்டோ நகரின் ஓரத்தில் நடோமாஸ் என்று ஒரு படுகை, சுற்றிலும் கரை. உள்ளே ஆயிரக்கணக்கில் வீடுகள் வந்த பிறகு கரை தரமாக இல்லை என்று தெரியவந்து, 2008 கடைசியிலிருந்து 2015 வரை புது வீடு கட்டுவதே ஏறக்குறைய நின்றுபோனது.

நெதர்லாந்தில் நைமேகன் நகரத்தார் செய்தது நேர் எதிர். 1993லும் 1995லும் வெள்ளம் மிரட்டியது, 1995இல் அந்த நாட்டில் இரண்டரை லட்சம் பேரை இடம்பெயர்த்தார்கள். அப்புறம் நைமேகனுக்கு எதிர்க்கரையில், லெண்ட் என்ற இடத்தில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளினார்கள். ஆற்றுக்கு இரண்டாவது வாய்க்கால் வெட்ட சுமார் 50 வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. ஐம்பது வீட்டை எடுப்பதே அவர்களுக்கு எவ்வளவு பாடாக இருந்தது என்று படித்தபோது, காலியாக இருக்கும்போதே விட்டுவைப்பது எவ்வளவு மலிவு என்றுதான் எனக்குத் தோன்றியது.

நம் பக்கத்து உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். தியாகராய நகர் 1920களில் ஒரு நீண்ட ஏரியை வடித்து எழுந்தது. முகப்பேரில் வீட்டு முகவரியிலேயே "ஏரித் திட்டம்" என்று இருக்கிறது, வீட்டு வசதி வாரியம் வைத்த பெயர். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பைத் தரிசு என்றே பல காலம் நினைத்தார்கள். குப்பை கொட்டினார்கள், சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். மிச்சம் இருந்ததில் 1,247 ஹெக்டேருக்கு 2022இல்தான் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இதில் பெரும்பாக்கம்தான் எனக்கு மனசு ஆறாத இடம். அடையாறு, கூவம் ஓரத்தில் குடிசை போட்டிருந்தவர்களை, வெள்ள ஆபத்து என்று சொல்லி அப்புறப்படுத்திக் கொண்டுபோய் வைத்த இடம் அது. அங்கேயும் மழைக்காலத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தார்கள்.

அப்படியென்றால் அடையாற்றோரத்தில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வெள்ளம் வருகிற நிலம் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஓடை, கலங்கலிலிருந்து ஆறு வரைக்கும் தண்ணீர் வேகமாக ஓடுகிற தாரை: இதில் எதையும் கட்டக் கூடாது, தூண் நிறுத்திக்கூடக் கட்டக் கூடாது. அதையடுத்து, தண்ணீர் வேகமில்லாமல் பரந்து நிற்கிற இடம். இங்கே மேடாக்குவதுதான் தப்பு. விளையாட்டுத் திடல், நாற்றங்கால், மேய்ச்சல், புதுக் குளம் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அப்புறம் ஓரம், எப்போதாவது கணுக்கால் அளவு தண்ணீர் வந்து போகிற மேட்டுச் சரிவு. அங்கே தரைத்தளத்தைக் காலியாக விட்டுத் தூணின் மேல் கட்டலாம், கொட்டுகிற மண்ணுக்குச் சமமாக அதே லேஅவுட்டுக்குள் பள்ளம் தோண்டிக் குளமாக்கலாம். பெரிய லேஅவுட்டில் 10 சதவீதம் திறந்தவெளிக்குக் கொடுத்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதை ஏதோ ஒரு மூலையில் கொடுக்காமல் தண்ணீர் தானாக வந்து சேருகிற பள்ளத்தில் கொடுக்கச் சொன்னாலே பாதி வேலை முடியும்.

இந்தப் பிரிவினையைக் கோடு போட்டு வரைபடத்தில் காட்டுவது அரசின் வேலை, அவசரமான வேலை. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அறிவித்தார்கள். புதிதாகச் சேர்ந்ததில் பெரும்பகுதி ஏரியும் கழனியும்தான். அங்கெல்லாம் முடிச்சூரின் கதை இனிமேல்தான் எழுதப்படப் போகிறது.

கூடவே விவசாயியின் பக்கமும் உண்டு. பக்கத்து ஆள் விற்று மகள் கல்யாணத்தை முடித்து, மாடி வீடும் கட்டிவிட்டார். "உன் 2 ஏக்கர் மட்டும் சென்னைக்காகத் தண்ணீர் நிற்கிற நிலமாக இருக்கட்டும்" என்று ஒருவரிடம் சும்மா சொல்வது அநியாயம். அவர் நிலம் ஊருக்குச் செய்கிற வேலைக்கு ஊர் கூலி கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் ஒரு தொகையோ, அந்த நிலத்தில் கட்டியிருக்கக்கூடிய தளப்பரப்பை நகரத்துக்குள் வேறொருவருக்கு விற்கிற உரிமையோ. வளர்ச்சி உரிமை மாற்றம் என்று அதற்கு நம் விதிகளில் வழி இருக்கிறது. சாலைக்கு நிலம் கொடுத்தவருக்குக் கிடைப்பது தண்ணீருக்கு நிலம் கொடுத்தவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

வீட்டு விலை குறையும் என்று நீங்கள் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்தில் ஒருமுறை வருகிற வெள்ளம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அதற்கு எந்த வருஷத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் பொருள். 30 வருஷ வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒருமுறையாவது வருகிற வாய்ப்பு 26 சதவீதம், நாலில் ஒன்றுக்கு மேல். ஐம்பது வருஷ வெள்ளம் என்றால் 45 சதவீதம். மனையில் மிச்சம் பிடித்த சில லட்சத்தை ஃபிரிட்ஜ், வண்டி, மரச்சாமான், வயரிங், இரண்டு மாத வாடகை என்று ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மனைக்கு வருவோம். சர்வே எண்ணை வைத்து அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடும் (எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்வது) எஃப்எம்பியும் (அந்த எண்ணின் புல அளவு வரைபடம்) எடுங்கள். உங்கள் எண்ணோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். எதிலாவது ஓடை, வாய்க்கால், ஏரி, தாங்கல் என்று இருக்கிறதா? தாங்கல் என்றாலே சிறிய ஏரிதான், பழவந்தாங்கல் போல. பழைய கிராம வரைபடத்தில் ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் என்று பார்த்து, அங்கிருந்து ஆற்றுக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் உங்கள் மனை விழுந்தால் விலை பேசவே வேண்டாம். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திருப்பிப் பார்க்கலாம், மழைக்காலத்துப் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நேரில் போகும்போது நத்தம், அதாவது பழைய குடியிருப்பு நிலம், எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பழைய ஊர் மேட்டில்தான் உட்கார்ந்திருக்கும். கோவிலின் தரைக்கும் உங்கள் மனையின் தரைக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று கண்ணாலேயே தெரியும். கோரையும் நாணலும் வளர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், புரோக்கர் என்ன சொன்னாலும். எதிர்த் தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டி 2015இல் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டுவார்கள்.

முன்பணத்தை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள், தை பிறக்கட்டும். நடுவில் ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்த மறுநாள் அந்த மனைக்குப் போய், சாலைக்கு அடியில் என்ன பைப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். சர்வே எண்ணையும் அனுப்பினால் கிராம வரைபடத்தை நானே எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.